டீச்சர் வீட்டுப் பிள்ளை

அன்புள்ள ஐயா,

எங்கள் பாட்டி போன ஆண்டு காலமானார். 34 ஆண்டுகள் ஆரம்பப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளை வளர்த்தது, தன் தம்பிகள் இருவரைப் படிக்கவைத்தது, எல்லோருக்கும் கல்யாணம் செய்துவைத்தது என்று அத்தனையும் பாட்டி ஒருவரே செய்தார். கடைசிவரை எங்கள் குடும்பத்தில் அவரைக் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. பேரப்பிள்ளைகள் நாங்கள்கூட அவரை ‘டீச்சர் பாட்டி’ என்றுதான் கூப்பிடுவோம்.

முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று முடிவுசெய்து, தொகுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பழைய மாணவர்கள் 40 பேருக்கு மேல் எழுதி அனுப்பிவிட்டார்கள். படித்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. அன்பானவர், கண்டிப்பானவர், அர்ப்பணிப்பு, தியாகம். பெயரை மாற்றினால் எந்த டீச்சருக்கும் பொருந்தும்.

என் அம்மா மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். அவர்தான் பாட்டியின் மூத்த பெண். மூன்று முறை கேட்ட பிறகு ஒன்று சொன்னார்: “எல்லாருக்கும் நல்ல டீச்சர். எனக்கு அம்மா இருந்தாங்களான்னு தெரியல.” அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வரி ஓடவில்லை. இதைப் புத்தகத்தில் சேர்த்தால் பாட்டிக்குத் துரோகம், மறைத்தால் அம்மாவுக்குத் துரோகம் என்று படுகிறது. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. காரணம் உங்கள் அம்மா சொன்ன அந்த வாக்கியம்தான். அதை நானும் சொல்லியிருக்கிறேன். என் 22 வயதில், கிட்டத்தட்ட அதே சொற்களில், என் அம்மாவின் முகத்துக்கு நேராக.

என் அம்மாவும் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பில் நான் அவளிடமே படித்தேன். முதல் நாள் காலையில் என் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே, “கேட்டைத் தாண்டிட்டா நான் டீச்சர், சரியா?” என்றாள். நான் தலையாட்டினேன். அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு ‘ஞ’ எழுத வரவில்லை. அந்த எழுத்தில் கை எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. அம்மா அவனருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு எழுதவைப்பாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் முதல்முறை சொல்வதுபோலவே சொல்வாள். “இங்க வளைஞ்சு, உள்ள போயி, திரும்பி வெளிய வா.” நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் எனக்கும் அந்தக் கை வேண்டும் என்று தோன்றியது. நன்றாகத் தெரிந்த ‘ஞ’வை வேண்டுமென்றே கோணலாக எழுதிவைத்தேன். அம்மா வந்தாள். குனிந்து பார்த்தாள். எழுத்துக்கு அடியில் சிவப்பு மையால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். அடுத்த பையனிடம் போய்விட்டாள்.

தப்பை அவள் அடிக்க மாட்டாள். கீழே ஒரு புள்ளி மட்டும் வைப்பாள். என்ன தப்பு என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் வழி. எனக்கு அந்தப் புள்ளி, ‘உனக்குத் தெரியும், என்னிடம் நடிக்காதே’ என்று சொன்னது. எட்டு வயதில் அது எப்படி வலித்தது என்று இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அவள் பேச மாட்டாள். கோபம் ஒன்றும் இல்லை, சும்மாவே பேச மாட்டாள். கையைக் காட்டுவாள், தலையசைப்பாள், கண்ணால் சொல்வாள். கணக்கு ஒன்று கேட்டால், “நாளைக்கு கிளாஸ்ல கேளு” என்று பாதிக் குரலில் சொல்லிவிட்டு நோட்டுக் கட்டைப் பிரிக்கத் தொடங்குவாள். வகுப்பில் நாற்பது பேருக்குக் கிடைத்த குரல் வீட்டில் எங்கள் இருவருக்குக் கிடைக்கவில்லை. இதைத்தான் பல வருஷம் மனசுக்குள் வைத்திருந்து 22 வயதில் கொட்டினேன். அவள் பதில் சொல்லவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணிகளைத் தொடர்ந்து மடித்தாள். அதுவும் எனக்கு இன்னொரு மௌனமாகவே பட்டது.

அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் உடம்பில் இருந்தது என்பதை அவள் ஓய்வுபெற்ற பிறகு, அவளைத் தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனபோது தெரிந்துகொண்டேன். நாம் பேசும்போது குரல்வளையில் உள்ள இரண்டு சின்ன மடிப்புகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 தடவை. ஒரு மணி நேரம் விடாமல் குரல் எழுப்பினால் ஏழு லட்சம் தடவைக்கு மேல். வகுப்பறையில் சத்தம் கூடக்கூட, பேசுபவரின் குரலும் அவர் அறியாமலே உயரும். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதைக் கவனித்து எழுதினார், இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பிள்ளைகள் சத்தம் போட டீச்சர் குரல் உயர்த்த, அது கேட்காமல் பிள்ளைகள் இன்னும் சத்தம் போட, இப்படியே சாயங்காலம் வரை. குரல் கெட்டு மருத்துவரிடம் போகிறவர்களில் ஆசிரியர்கள் அதிகம் என்று உலகம் முழுக்கச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அதிலும் பெண் ஆசிரியர்கள். என் அம்மா முப்பது வருஷம் தினமும் குரலைச் செலவழித்துவிட்டு வெறும் தொண்டையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். மறுநாள் வகுப்புக்குக் குரல் வேண்டுமே என்று ராத்திரி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவளுக்கே அது இப்படித்தான் என்று தெரிந்திருக்குமா, சந்தேகம்தான்.

இதைச் சொல்வதால் உங்கள் அம்மாவின் குறை தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்தபின் என் குறையும் முழுதாகத் தீரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் குரல் மடிப்பு பற்றி என்ன கவலை? அதற்கு அம்மா பேச வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏக்கம் நியாயமானது. உங்கள் அம்மாவின் ஏக்கமும் நியாயமானது. அதை யாரும் ஆறுதல் சொல்லி அமுக்கிவிடக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று நடந்தது. அம்மா இறந்து சில மாதங்கள் கழித்து அவளுடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவர். கையில் ஒரு பழைய நோட்டு. அட்டை கிழிந்து, மூலைகள் மடங்கி, தாள் பழுத்துப்போயிருந்தது. கட்டுரை நோட்டு. ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். வழக்கம்போல எழுத்துகளுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள். ஐந்தாவது வரியில் ஒரு புள்ளி தொடங்கி, அங்கே நிற்காமல், கோடாக இழுபட்டு, சரிந்து சரிந்து தாளின் கீழ் விளிம்பு வரை போயிருந்தது. அதன் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் சின்னதாக: ‘இந்தக் கோடு டீச்சரின் தவறு.’

“எனக்கு என்ன தப்புன்னு தெரியாம அந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். டீச்சர் மறுநாள் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. பெரியவங்க மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதனால நோட்டைத் தூக்கிப் போடல” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கோட்டை அதன் மறுபக்கத்திலிருந்து எனக்குத் தெரியும். ராத்திரி நோட்டுத் திருத்திக்கொண்டே அம்மா தூங்கிப்போவாள். தலை மெல்லச் சரியும். பேனா தானாக நகரும். நான் எழுந்து போய் அவள் விரலிலிருந்து பேனாவை உருவி, மூடியைப் போட்டு, நோட்டுகளை அடுக்கி, விளக்கை அணைப்பேன். அது வீட்டில் எனக்கென்று இருந்த வேலை. சில நாள் நான் எழுந்து போவதற்குள் பேனா கோடு இழுத்துவிடும். அந்த மாணவர் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தது அப்படி ஒரு ராத்திரியைத்தான். அவருக்கு அது பள்ளிக்கூடத்து நினைவு. எனக்கு வீட்டு நினைவு. இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு வீட்டுக் கதையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1957-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபின், பரபரப்பு கொஞ்சம் அடங்கியதும், அவர் தன் ஆரம்பப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். செய்தி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்து உங்களைத்தான் நினைத்தேன் என்று அதில் சொல்லியிருப்பார். ஆசிரியர் தினத்தன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் கடிதம் அது. ஜெர்மேன் பெரிய மனிதர், அதில் சந்தேகமில்லை. காம்யு என்ற அந்தப் பையனுக்கு ஒரு வயது ஆகுமுன் அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். ஜெர்மேன் அவனுக்குக் காசு வாங்காமல் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தினார். 1924-இல் பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான்.

அந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். பாட்டி. அல்ஜியர்ஸ் நகரத்தில் ஏழைகள் வாழ்ந்த பெல்கூர் பகுதியில் அந்தக் குடும்பத்தைக் கட்டி ஆண்டவர் அவர்தான். காம்யுவின் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது, வீட்டு வேலைக்குப் போய்வந்தார். பாட்டி கண்டிப்பானவர், அடிக்கிறவர். பையன் மேலே படிக்க வேண்டாம், வேலைக்குப் போகட்டும் என்றவரும் அவர்தான். ஜெர்மேன் வீடு தேடி வந்து பேசித்தான் சம்மதிக்கவைத்தார். அதனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பாட்டியை வில்லியாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வாசலில் வந்து ‘இவன் படிக்கட்டும்’ என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும். உள்ளே இருந்துகொண்டு, வருகிற கொஞ்சத்தை எண்ணி எண்ணி, ஐந்து பேரும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வதற்கும் ஒருவர் வேண்டும். முதலாமவருக்குப் பொறுமை இருக்கும், மரியாதை கிடைக்கும். இரண்டாமவருக்கு இரண்டும் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் பாட்டியை இப்போது பாருங்கள். காம்யுவின் கதையில் இரண்டு பேர் செய்ததை உங்கள் பாட்டி ஒரே ஆளாகச் செய்திருக்கிறார். பகலில் ஜெர்மேன், சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பாட்டி. 40 மாணவர்களும் பகலில் பார்த்தவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உங்கள் அம்மா சொல்வது சாயங்காலத்துக்கு மேல் பார்த்தவரை. இருவர் சொல்வதும் உண்மை. உங்கள் புத்தகத்தில் இப்போது பகல் மட்டும்தான் இருக்கிறது. கடிதங்கள் ஒன்றுபோலவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போது சகோதரி சுப்புலட்சுமியையும் நினைத்துக்கொள்கிறேன். குழந்தைப் பருவத்திலேயே விதவையானவர், 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், எழும்பூரில் நான்கு இளம் விதவைப் பெண்களோடு ஓர் இல்லத்தைத் தொடங்கியவர். பின்னாளில் அந்த இல்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போய் வளர்ந்தது. அங்கிருந்து படித்து வெளியே வந்த பெண்கள் பலர் தாங்களே டீச்சர்கள் ஆனார்கள். அவருக்கு அது பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, குடும்பமும் அதுதான். பாடம் சொல்லிக்கொடுத்தவரும் குடும்பத் தலைவியும் ஒருவரே என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கதையை அறிந்தவர்கள் இன்னொரு பெயரையும் விடாமல் சொல்வார்கள். சித்தி. அவருடைய அம்மாவின் தங்கை வாலாம்பாள். அவரும் விதவைதான். சுப்புலட்சுமி படிக்கப் போனபோதும், பாடம் நடத்தப் போனபோதும், வீட்டில் இருந்து அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டவர் சித்தி. அவர் இல்லாமல் அந்த இல்லம் நின்றிருக்காது.

ஆகவே வெளியே போய் முழு மனசோடு பாடம் நடத்திய எந்தப் பெண்ணின் கதையைக் கேட்டாலும் நான் உடனே தேடுவது, வீட்டில் சித்தியாக இருந்தது யார் என்பதை. உங்கள் கடிதத்தில் அது இருக்கிறது. நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. அப்பா இல்லாத வீடு, நான்கு பிள்ளைகள், மூத்தவர் பெண். பாட்டி பள்ளிக்கூடம் போனபின் தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டியது யார்? யாருக்காவது காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? பாட்டி திரும்பி வரும் நேரத்துக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்று சின்னவர்களை அதட்டியது யார்? நான் ஊகித்துத்தான் கேட்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஊகம் சரி என்றால், உங்கள் அம்மா பாட்டியின் மகளாக இருந்த நேரத்தைவிட, பாட்டியோடு சேர்ந்து குடும்பம் நடத்திய நேரமே அதிகம். அந்த 34 வருஷப் பணியில் அவருக்கும் பங்கு உண்டு. 40 மாணவர்கள் ‘தியாகம்’ என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா? அதில் ஒரு பகுதி அவர் கொடுத்தது. அதுவும் யாரும் அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. இத்தனை நாளில் ஒருவராவது அதை அவரிடம் சொல்லியிருப்பார்களா?

சரி, நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். சேருங்கள். ஆனால் அது உங்கள் அம்மாவின் வாக்கியம், அவர் சம்மதம் இல்லாமல் அச்சில் ஏறக் கூடாது. உங்களிடம் தனியாகச் சொன்னதைக் கேட்காமல் போட்டால், அவருக்கு நடந்த அதே காரியத்தை நீங்களும் செய்ததாகிவிடும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். விட்டாலும் அந்த இடத்தைப் புகழ்ச்சியால் நிரப்பாதீர்கள். ‘வீட்டிலும் அன்பே உருவான தாயாக’ என்று ஒரு வரி நீங்கள் எழுதினால், உங்கள் அம்மா அந்தப் புத்தகத்தை மறுபடி திறக்க மாட்டார்.

சம்மதித்தால் கடைசிப் பக்கத்தில் போடாதீர்கள். அங்கே அது புகாராக நிற்கும். முன்பக்கத்திலேயே வையுங்கள். படிக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு மாணவர்களின் நினைவுகளுக்குள் போகட்டும். கையைப் பிடித்து எழுதவைத்தார் என்று ஒரு மாணவர் சொல்லும்போது, அந்தக் கைக்காக வீட்டில் ஒரு சிறுமி காத்திருந்தாள் என்பதும் கூடவே தெரியும். பாட்டியின் பெருமை அதனால் ஒரு துளி குறையாது. அவர் எதைக் கொடுத்து அதைச் செய்தார் என்பது தெரிந்தால்தான் செய்ததன் எடை தெரியும். துரோகம் என்ற சொல்லை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாணவர் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் மேல் தவறில்லை. ‘டீச்சரைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்’ என்று கேட்டால் யாரும் அன்பு, கண்டிப்பு, தியாகம் என்றுதான் எழுதுவார்கள். மனிதருக்கு வயதான பிறகு மிகத் தெளிவாக நினைவில் நிற்பது பெரும்பாலும் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலம் என்று நினைவு பற்றி ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய வயதில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் முழுச் சம்பவம் வராது, துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு வாசனை, ஒரு சத்தம், சாக்பீஸ் படிந்த விரல். அந்தத் துண்டுதான் உங்களுக்கு வேண்டும். எழுதச் சொல்லாதீர்கள், போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். தப்பு எழுதினால் டீச்சர் என்ன செய்வார்? உங்களை எப்படிக் கூப்பிடுவார், முழுப் பெயரா, பாதிப் பெயரா? கோபம் வந்தால் முதலில் எது மாறும், குரலா, முகமா? வகுப்பில் உட்காருவாரா, நின்றுகொண்டே இருப்பாரா? மழை நாளில் என்ன செய்வார்? இப்படிக் கேட்டால் 40 பேரில் 10 பேராவது யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்வார்கள். அது போதும். மற்ற 30 பேரின் பெயர்களை மட்டும் ஒரு பக்கத்தில் போடுங்கள், அவர்களும் மகிழ்வார்கள். மூத்த மாணவர்களை முதலில் கூப்பிடுங்கள். பாட்டியை இளம்பெண்ணாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான். நீங்கள் பார்த்த பாட்டிக்கு ஏற்கெனவே தலை நரைத்திருக்கும்.

வீட்டில் அவர் விட்டுப்போன காகிதங்களையும் பாருங்கள். பாடக்குறிப்பு நோட்டு ஒன்றாவது பரணில் இருக்கும். எஸ்.ஆர். என்கிற பணிப் பதிவேட்டின் நகல் இருந்தால் எந்த வருஷம் எந்தப் பள்ளிக்கு மாற்றல், எத்தனை நாள் விடுப்பு என்பது வரை இருக்கும். என் அம்மாவின் எஸ்.ஆரைப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நான் டைபாய்டில் கிடந்த மாதம் முழுக்க அவள் விடுப்பு எடுத்திருந்தாள். எனக்கு அது நினைவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வரவு செலவு நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. தம்பிகளைப் படிக்கவைத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மாதம் யாருக்குக் கட்டணம் கட்டினார், அந்த மாதம் எதை வாங்காமல் விட்டார் என்பதை நோட்டுதான் சொல்லும். பழைய போட்டோக்கள் இருந்தால் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், லேசாக எழுதினால் போதும். இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனால் முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் உங்கள் அம்மாவாக இருக்கக்கூடும்.

அம்மாவிடம் பேசுவது பற்றி. ‘பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கம்மா’ என்று எதிரில் உட்கார்ந்து கேட்காதீர்கள். மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், நான்காவது முறையும் அதே பதில்தான் வரும். என் அம்மாவின் தங்கையிடம் நான் அப்படிக் கேட்டுத் தோற்றவன். பிறகு ஒருநாள் பழைய துணிகளைப் பிரித்து அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் ரெக்கார்டு போடட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். அப்புறம் நான் கேள்வியே கேட்கவில்லை. ஒவ்வொரு துணியாகக் கையில் எடுக்க எடுக்க அவர் பேசிக்கொண்டே போனார். கை வேலையில் இருந்தால் வாய் திறக்கும். நடுவில் அழுதார். நான் ரெக்கார்டை நிறுத்தப்போனபோது, “இருக்கட்டும், ஓடட்டும்” என்றார். என் அம்மா என்னிடம் சொல்லாத ஒன்றைத் தங்கையிடம் சொல்லியிருந்தாள் என்று அன்றுதான் தெரிந்தது. நான் அந்த வார்த்தையைச் சொன்ன 22 வயது ராத்திரி அவள் தூங்கவில்லையாம். “அவன் கேட்டது சரிதானே, நான் என்ன பதில் சொல்றது” என்றாளாம்.

உங்கள் அம்மா 22 வயதிலோ 50 வயதிலோ அந்த வாக்கியத்தைப் பாட்டியிடம் நேரில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமலே வைத்திருந்தால் அது இன்னும் கனமாக இருக்கும். அவசரப்படுத்தாதீர்கள். நினைவு நாளுக்குள் புத்தகம் வரவில்லை என்றால் தள்ளிப்போடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. பழைய நோட்டுக் கட்டு ஒன்று கிடைத்தால் இருவரும் சேர்ந்து தூசி தட்டுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் சிவப்பு மை கோடாக இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரிடம் எனக்காக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாட்டி நோட்டுத் திருத்திக்கொண்டே தூங்கிப்போன ராத்திரிகளில், எழுந்து போய் விளக்கை அணைத்தது யார்?

என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்